மூன்றாம் கூறு

வீட்டைப் பிரித்தாயிற்று. நகையையும் பாத்திரங்களையும் பிரித்தாயிற்று. அம்மாவைப் பிரிப்பது மட்டும் மிச்சமிருந்தது.

அதற்காகத்தான் நானும் தம்பி செந்தூரும் தூத்துக்குடி நினைவுப் பதிவகத்தில் உட்கார்ந்திருந்தோம். தங்கை பவானி மஸ்கட்டிலிருந்து சுவர்த்திரையில் வந்திருந்தாள். மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் குன்றிமணி அளவில் கறுப்பாக ஒன்று. மருத்துவர்கள் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தார்கள். ஊரில் எல்லோரும் பொட்டு என்றுதான் சொல்வார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததுபோல இருக்கும்.

அம்மாவுக்கு மறதி நோய் தொடங்கியபோது அதை வைத்தோம். மறக்க மறக்க இது எடுத்துக் கொடுக்கும் என்றார் மருத்துவர். மிச்சமிருந்த பழையதையும் அன்றன்றைக்கு நடந்ததையும் ஒன்றுவிடாமல் அது எடுத்து வைத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை. வாங்கிக்கொள்ள அம்மாவின் மூளையில் இடம் இருக்கவில்லை. ஒன்பது வருடம் அம்மா அந்தக் குன்றிமணிக்குள் இருந்தாள். நான் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் வெளியே இருந்த வேறொருத்திக்கு.

"மூத்தவங்க முத்துப்பிரியா நீங்கதானே?" என்றார் அலுவலர். ஷீபா என்று பெயர். என்னைவிடச் சின்னவர்.

நான் தலையசைத்தேன்.

"காப்பி எடுத்து மூணு பேருக்கும் குடுத்துரலாமே மேடம். இதுக்கு எதுக்கு இவ்வளவு பஞ்சாயத்து?" என்றாள் திரையில் பவானி. அவளுக்குப் பின்னால் யாரோ மிக்சி போட்டார்கள். "ஏய், அதை நிறுத்துங்க, இங்க எங்கம்மா விஷயம் பேசிக்கிட்டு இருக்கேன்."

"காப்பி எடுத்தா படந்தாம்மா வரும். கல்யாண வீடியோ மாதிரி. உங்கம்மா மனசுல என்ன ஓடுச்சோ அது வராது. அது ஒரே தடவைதான் இறங்கும், ஒரே தலையிலதான் இறங்கும். இறங்கிட்டா அப்புறம் பொட்டுல இருக்காது. ரத்த உறவா இருந்தாத்தான் அதுவும்."

"அப்ப நடந்ததெல்லாம் அப்படியே தெரியுமா?" என்று செந்தூர் கேட்டான். அவன் அப்போதுதான் முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"நடந்தது தெரியாது சார். அவங்க எப்படிப் பாத்தாங்களோ அதுதான் தெரியும். ரெண்டும் ஒண்ணு இல்ல. போன மாசம் ஒருத்தர் அவங்க அப்பாவோடதை வாங்கிட்டுப் போனாரு. இப்ப அம்மாகூடப் பேச மாட்டேங்காராம். அந்தம்மா தினம் வந்து என்கிட்ட சண்டை போடுறாங்க."

எப்படிப் பிரிப்பது என்று ஷீபா கேட்டார். கணக்குப் போட்டுப் பதிவகமே பிரிக்கும், அல்லது குடும்ப வழக்கப்படி நாங்களே பிரிக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாத்தாவின் உப்பளத்தைப் பிரித்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். மூத்தவர் கூறு வைப்பார். இளையவர் முதலில் எடுப்பார். கூறு வைத்தவருக்குக் கடைசியாக மிஞ்சியது. அதனால் வைப்பவர் ஓரவஞ்சனை செய்ய முடியாது. அந்த உப்பளம் இப்போது இல்லை. பாதியைக் கடல் எடுத்துக்கொண்டது, மீதியில் சூரியத் தகடுகள் நிற்கின்றன. வழக்கம் மட்டும் எங்களோடு வந்திருந்தது.

நான் மூன்று கூறு வைத்தேன். அம்மா பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை ஒன்று. எங்களைப் பெற்று வளர்த்த காலம் இரண்டு. நோயில் கிடந்த ஒன்பது வருடம் மூன்று.

எனக்கு வேண்டியது மூன்றாவது.

அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நம்பினேன். மூத்திர வாடையையும் படுக்கைப் புண்ணையும் பயத்தையும் எந்தப் பிள்ளை கேட்டு வாங்கும்? பவானி ஏற்கெனவே சொல்லியிருந்தாள், அம்மா பள்ளிக்கூடம் போன காலத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று. செந்தூர் அம்மாவின் செல்லம். தன்னை அம்மா முதல் முறை கையில் வாங்கிய நிமிடத்தை விட்டுக்கொடுப்பானா? மிஞ்சியது எனக்கு வரும். வாய் திறந்து கேட்கவே வேண்டியிருக்காது. கேட்டு வாங்குவது எனக்கு எப்போதும் பிச்சை எடுப்பதுபோல இருந்திருக்கிறது.

எதற்காக அந்த ஒன்பது வருடம் என்றால், எஸ்தருக்காக.

நோய் முற்றியபோது அம்மாவுக்கு என்னைக் கண்டால் பயம் வந்தது. நான் பக்கத்தில் போனாலே இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொள்வாள். நான் கம்மலைக் கழற்ற வந்திருக்கும் திருடி. தண்ணீர் ஊற்றினால் கொல்ல வந்தவள். ஒருநாள் காலை சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. பின்வாசல் வழியாக வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். கொண்டை அவிழ்ந்திருந்தது. கையால் கோதிப் பின்னல் போட்டுக்கொண்டேன். உள்ளே போகப் பிடிக்கவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து முன்வாசலுக்கு வந்து, ஏன் என்று தெரியாமலே, கொஞ்சம் குரலை உயர்த்தி, "அக்கா, இருக்கீங்களா? சாப்பிட்டாச்சா?" என்றேன்.

"யாரது?" என்றாள் அம்மா.

"எஸ்தர்" என்றேன். வாயில் வந்த பெயர்.

"வாட்டி தாயி, வா" என்று அம்மா சிரித்தாள். முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டாள்.

அன்றிலிருந்து நான் பின்வாசலில் போய் முன்வாசலில் எஸ்தராக வந்தேன். அம்மா எஸ்தரிடம் நிறையப் பேசினாள். உன் மாமியா எப்படி இருக்கா என்று கேட்பாள். கல்யாணமே ஆகாத நான் எஸ்தருக்கு ஒரு மாமியாரைக் கண்டுபிடித்தேன். பொல்லாத கிழவி என்றேன். அம்மா வயிறு குலுங்கச் சிரிப்பாள். பிறகு ஒரு குடிகாரப் புருஷனை, இரண்டு பிள்ளைகளை, ஒரு தையல் மெஷினைக் கண்டுபிடித்தேன். எஸ்தரின் கையால்தான் அம்மா சாப்பிட்டாள், எஸ்தரின் கையைப் பிடித்துத்தான் தூங்கினாள். சில நாள் எஸ்தரின் காதோடு வந்து, "இங்க ஒருத்தி இருக்கா பாத்துக்கோ. என் கம்மல்மேல கண்ணு அவளுக்கு. நீ பத்திரமா போ" என்று சொல்வாள்.

நான் சரிக்கா என்பேன்.

நோயாளி வாயில் வருவது வேறு, உள்ளே இருப்பது வேறு என்று மருத்துவர் ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மீதி வருடங்களை ஓட்டினேன். எஸ்தரின் கையைப் பிடித்துக் கிடந்தபோது, உள்ளே எங்கோ ஒரு மூலையில், இது என் மகள் கை என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். அதற்கான பதில் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

"இளையவங்க சொல்லுங்க சார்" என்றார் ஷீபா.

செந்தூர் என்னைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான்.

"மூணாவது."

பவானி திரையில் முன்னால் குனிந்தாள். "டேய், உனக்கென்ன கிறுக்கா? அது அம்மா படுக்கையில கெடந்ததுடா."

"தெரியும்."

"தெரிஞ்சா? சரி, உன் தலையெழுத்து. எனக்கு முதல் கூறு."

ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டியது அவர் வேலை. நான் பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். எஸ்தரை, பின்னலை, கிணற்றடியை. ஒரு அரசு அலுவலகத்தில், திரையில் மிக்சிக்கு நடுவே. நான் இல்லை என்று தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் பாதி இப்படித் தலையாட்டியவை.

படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன். "ஏன் அதை எடுத்த?"

"கூறு வைக்கும்போது நீ மூணாவதைச் சொன்னப்ப கிண்ணத்தைப் பாக்கவே இல்லக்கா. ஜன்னலைப் பாத்தே. அப்பாவும் உப்பளத்தைப் பிரிக்கும்போது இப்படித்தான். அவருக்கு எந்தப் பாத்தி வேணுமோ அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாரு. சித்தப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அதுல என்ன இருக்குன்னு நெனச்ச?"

அவன் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சில படிகள் இறங்கினான். நானும் இறங்கினேன்.

"பக்கத்து வீட்ல சொன்னாங்க. காலையில அம்மா அலறுற சத்தம் கேக்குமாம். விட்டுரு, கொல்லாதன்னு."

"தண்ணி ஊத்தினா அப்படித்தான் கத்துவாங்க."

"இருக்கும். நானே பாத்துக்கிடுதேனே."

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

இறக்கும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. உள்ளே போனது ஊறி அடங்கச் சில நாள் பிடிக்கும், அதுவரை அம்மா இருந்த வீட்டிலேயே இருப்பது நல்லது என்றார்கள். வீடு அவன் கூறுக்குத்தான் போயிருந்தது. நான் உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். வேலை பார்க்கும் ஓசூருக்குப் போன் செய்து லீவு சொன்னான். அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

எனக்கு மிஞ்சிய இரண்டாம் கூறை நானும் வாங்கிக்கொண்டிருக்கலாம். இறக்கச் சொல்லவில்லை. முந்தைய அம்மாவுக்கு என்னைத் தெரியும் என்பது எனக்கே தெரியும். அதற்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அவன் பேசுவதற்காகக் காத்திருந்தேன். அவன் பெரும்பாலும் கூரையைப் பார்த்துக் கிடந்தான். சில நேரம் திடீரென்று மூச்சு வாங்கினான். சில நேரம் சிரித்தான், எதற்கென்று தெரியாத ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், அம்மாவுடையது. கேட்கவில்லை. காப்பியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒருநாள் மாலை அவனே அடுக்களை வாசலில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"நீ ஒரு தடவைகூட அடிக்கலக்கா. கையே ஓங்கல."

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"நான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோ."

"சரி, விடு."

கொஞ்ச நேரம் நின்றான். போக மாட்டான் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தேன். கேட்டு வாங்கக் கூடாது என்று இருந்தவள் கேட்டேன்.

"அம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சுதா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. நான் அந்த இடைவெளியை அழுகையை அடக்கும் இடைவெளி என்று எடுத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சுதுக்கா" என்றான். "கடைசிவரைக்கும் தெரிஞ்சுது. வாயில வரல, அவ்வளவுதான்."

அன்று நான் நெத்திலி வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அம்மா போனபிறகு வீட்டில் மீன் வாசனை வந்தது அன்றுதான். அவன் இரண்டாம் முறை சோறு கேட்டான். "ஓசூர்ல இந்த ருசி எங்க கெடைக்கும்" என்றான். ஒன்பது வருடத்தை யாரோ கையில் வாங்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்ததுபோல இருந்தது எனக்கு. வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். தூங்கினேன்.

காலையில் அவன் குளித்துவிட்டுப் பின்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொடுக்கலாம் என்று அவன் தலைக்கு மேலே கையை நீட்டினேன்.

செந்தூர் ஸ்டூலோடு பின்னால் சரிந்தான். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

கம்மலே போடாத காதுகள். ஐம்பது வயது ஆண்பிள்ளை.

துண்டு என் கையில் இருந்தது. அதை அவன் மடியில் போடாமல் தரையில் வைத்துவிட்டு நான் இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தேன். ஒன்பது வருடப் பழக்கம், கால் தானாக நகர்ந்தது.

அவன் கைகளை இறக்கினான். தன் கைகளையே பார்த்தான்.

"அது... நான் இல்லக்கா."

"தெரியும்."

"நேத்து நான் சொன்னது..."

"அதுவும் தெரியுது."

கிணற்றில் வாளி எங்கோ மோதியது. காற்றுதான்.

"அம்மாவுக்கு உன்னைத் தெரியலக்கா" என்றான் கடைசியில். "வீட்ல ஒரு பொம்பள இருந்தா. திருட வந்தவ. எப்பவும் இருந்தா, போகவே மாட்டேன்னா. எனக்கு உன்னைப் பாத்தா அக்கான்னு தெரியுது. ஆனா நீ கையைத் தூக்கினா எங்கை தானா காதைப் பொத்திக்கிடுது. அது போயிரும்னு சொல்லியிருக்காங்க."

நான் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஆனா அம்மா சும்மா பயந்துகிட்டே கெடக்கலக்கா. அதைச் சொல்லணும் உனக்கு." அவன் முகம் மாறியது. அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. "யாருக்கா அந்த எஸ்தர்?"

நான் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்?"

"அம்மாவுக்கு அவங்கன்னா உயிரு. விடிஞ்சதுலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, எஸ்தர் வருவாளா வருவாளான்னு. அவங்க குரல் கேட்டா நெஞ்சுக்குள்ள அப்படி ஒரு... எம்பிள்ளைங்க மேலகூட எனக்கு இப்படி வந்ததில்லக்கா. பொய் சொல்லல. தையல்காரியா? மாமியா கொடுமைபோல?"

"ஆமா."

"நம்ம தெருவா?"

"பக்கத்துல."

"முகம் தெரியல. வெயிலுக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கு. சத்தமும் கையுந்தான் தெரியுது."

என் கையை நான் பார்த்துக்கொண்டேன். நெத்திலி வாடை இன்னும் போகவில்லை.

"அம்மாவுக்கு அவங்க வேற யாரோன்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேட்டேன். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

அவன் உண்மையிலேயே யோசித்தான். கண்ணை மூடி, உள்ளே போய், தேடிவிட்டு வந்தான்.

"இல்லக்கா. எஸ்தர் எஸ்தர்தான். பெத்த மகளா இருந்திருக்கக் கூடாதான்னு ஒருநாள் நெனச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

பதில் கிடைத்துவிட்டது. எத்தனையோ வருடம் காத்திருந்தது, நல்ல பகல் வெளிச்சத்தில், சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் வாயிலிருந்து வந்து விழுந்தது.

செந்தூர் எழுந்து உள்ளே போய், தன் பெட்டியிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துவந்தான். உள்ளங்கையில் கவிழ்த்தான். அம்மாவின் சிவப்புக்கல் கம்மல். தன் மகளுக்கென்று அவன் கேட்டு வாங்கிக்கொண்டது.

"இதை எஸ்தருக்குக் குடுக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. எத்தனையோ நாள் நெனச்சிருக்காங்க. கழட்டத் தெரியல அவங்களுக்கு. அதுதான். நான் குடுத்துரலாம்னு இருக்கேன். எம்பொண்ணுக்கு வேற வாங்கிக்கிடலாம்."

கல் வெயிலில் மின்னியது. அம்மாவின் காதோரம் புண் வராமல் இருக்க, தினமும் நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த கம்மல்.

"எங்கிட்ட குடு" என்றேன். "நான் அவகிட்ட சேத்துருதேன்."

நான் கையை நீட்டியிருந்தேன்.

அவன் விரல்கள் மூடிக்கொண்டன. யோசித்து மூடியதாகத் தெரியவில்லை. பிறகுதான் அவன் தன் மூடிய கையைக் கவனித்தான். திறக்கப் பார்த்தான் என்றே நினைக்கிறேன். திறக்கவில்லை.

"வேண்டாங்கா" என்றான், வேறெங்கோ பார்த்து. "நானே நேர்ல குடுத்துருதேன். தப்பா எடுத்துக்காத. உன் கையில... என்னமோ மனசு வரமாட்டேங்கு. நீ வீட்டை மட்டும் காட்டு."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொண்டையை அவிழ்த்துக் காட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை அந்தக் குரலில் பேசியிருந்தால் போதும். ஆனால் என் நீட்டிய கை வெறுமனே நின்றுகொண்டிருந்தது. கொடுத்தால் எனக்குக் கொடு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று அது சொல்வதுபோல இருந்தது.

"எஸ்தர் செத்துட்டா" என்றேன்.

"எப்போ?"

"அம்மா போன அன்னைக்கே."

செந்தூர் ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அவன் தோள் குலுங்கியது. அம்மாவைத் தூக்கிப் போனபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றவன், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன், கம்மலை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதான். "தாயி, தாயி" என்று அழுதான். அது அவன் அழுகை இல்லை. எனக்கு ராகமே தெரியும். மழை நாளில் எஸ்தர் வரத் தாமதமானால் வீட்டுக்குள்ளிருந்து கேட்கும் அழுகை அது.

"செந்தூரு" என்று ஒரு எட்டு வைத்தேன்.

கம்மலோடு சேர்த்துக் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

நான் நின்றேன். பிறகு என் கால்கள் பழகிய வழியில் போயின. பின்வாசல், கிணற்றடி. கொண்டையை அவிழ்த்தேன். மூன்று கால் பிரித்துப் பின்னினேன். வீட்டைச் சுற்றி, பப்பாளி மரத்தைத் தாண்டி, முன்வாசலுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அழுகை அங்கேயும் கேட்டது. குரலை உயர்த்த வாயைத் திறந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அந்த அழுகையை நிறுத்தத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளை இப்போதுதான் நானே கொன்றுவிட்டு வந்திருந்தேன்.

எதிர்வீட்டுப் பெண் கோலத்தை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா, தலையெல்லாம் பின்னியிருக்கீங்க? எங்கயாவது கெளம்பிட்டீங்களா?"

"இல்ல" என்றேன்.

வாசலில் நின்றபடியே பின்னலை அவிழ்த்தேன். கொண்டை போட்டுக்கொண்டேன். வந்த வழியாகவே சுற்றிப் பின்வாசலுக்குப் போய், அவனுக்குச் சோறு வடிக்க அடுக்களைக்குள் நுழைந்தேன்.